பிராந்திய வணிக ஆலோசனைக் குழு: சாலைக் கடைவீதிக்கு அதில் இடம் உண்டா?

திருவனந்தபுரம்: வங்காள விரிகுடாவை மையமாகக் கொண்ட ஏழு நாடுகளின் கூட்டமைப்பான பிம்ஸ்டெக்கில் வணிகர்களுக்கென நிரந்தர அமைப்பு ஒன்றை உருவாக்கும் யோசனை முன்வைக்கப்பட்டுள்ளது. தாய்லாந்து தலைநகர் பாங்காக்கில் 2025 ஏப்ரல் 4-ஆம் தேதி நடைபெற்ற ஆறாவது உச்சி மாநாட்டில், பிம்ஸ்டெக் வர்த்தக சபையை நிறுவவும், ஆண்டுதோறும் வணிக உச்சி மாநாட்டை நடத்தவும், உறுப்பு நாடுகள் தத்தம் நாணயத்திலேயே வர்த்தகம் செய்வதற்கான வாய்ப்பை ஆராயவும் பிரதமர் நரேந்திர மோடி முன்மொழிந்தார்.

இதையொத்த அமைப்புகள் உலகின் பிற பகுதிகளில் 'வணிக ஆலோசனைக் குழு' என்ற பெயரில் ஏற்கெனவே இயங்கி வருகின்றன. வர்த்தகம் குறித்து அரசுகள் முடிவெடுக்கும்போது, அந்த முடிவுகளுக்கு உட்படப்போகும் தொழில், வணிகத் துறையினரின் கருத்தைத் தலைவர்களிடம் கொண்டு சேர்ப்பது அவற்றின் பணி. குழுவில் யார் அமர்கிறார்கள், அது யாரிடம் பேசுகிறது, அதற்கு யார் பதில் சொல்கிறார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கான விடையைப் பொறுத்தே அதன் பயன் அமைகிறது. கேரளத் தலைநகரின் பழமையான வணிக மையமான சாலைக் கடைவீதியிலிருந்து பார்க்கும்போது, இவற்றில் முதல் கேள்வி தனி முக்கியத்துவம் பெறுகிறது.

சாலையின் வணிகம்

திருவனந்தபுரம் கிழக்கே கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கிச் செல்லும் நெரிசலான கடைவீதியே சாலை. திருவிதாங்கூர் திவானாக இருந்த ராஜா கேசவதாஸ், 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதை உருவாக்கினார். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் விளவங்கோடு பகுதியில் பிறந்த அவர், ஆலப்புழைத் துறைமுகத்தின் வளர்ச்சிக்கும் காரணமானவர். துறைமுகம், கடைவீதி, இரண்டையும் இணைக்கும் பாதை ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் வணிகம் நிலைக்கும் என்ற அணுகுமுறையை அவரது பணிகளில் காண முடிகிறது.

நாகர்கோவில் வழியாகத் தென்தமிழகத்திலிருந்து வரும் சரக்குகள் தலைநகரை வந்தடையும் இடமாகச் சாலை வளர்ந்தது. அரிசி, பருப்பு, வெங்காயம், மிளகாய், காய்கறி, பாத்திரங்கள், பூஜைப் பொருள்கள் எனப் பலவகைச் சரக்குகள் இங்கு மொத்தமாகவும் சில்லறையாகவும் விற்பனையாகின்றன. தோவாளையிலிருந்து வரும் பூக்கள் ஓணம் பண்டிகைக் காலத்தில் இந்நகரின் தேவையை நிறைவு செய்கின்றன. தமிழ் வணிகக் குடும்பங்கள் பல தலைமுறைகளாக இங்கு தொழில் செய்து வருகின்றன. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கன்னியாகுமரிப் பகுதி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. இடையில் மாநில எல்லை வந்த பின்னரும் சரக்குப் போக்குவரத்து தொடர்ந்தது.

இக்கடைவீதியின் வணிகர்களில் பலர் நேரடியாக ஏற்றுமதியோ இறக்குமதியோ செய்பவர்கள் அல்லர். எனினும் அவர்கள் கையாளும் அரிசி, வெங்காயம், மிளகு, சமையல் எண்ணெய் போன்ற பொருள்களின் விலையும் வரத்தும் புது டெல்லி, கொழும்பு, டாக்கா, ஜகார்த்தா ஆகிய நகரங்களில் எடுக்கப்படும் முடிவுகளால் மாறுகின்றன. பிராந்தியப் பொருளாதார ஒத்துழைப்பு என்ற சொல் இக்கடைவீதியைத் தொடும் இடம் இதுவே.

முன்னோடி அமைப்புகள்

வணிக ஆலோசனைக் குழு என்ற வடிவத்துக்குப் பரவலாக அறியப்பட்ட எடுத்துக்காட்டு, ஆசிய-பசிபிக் பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பான ஏபெக்கின் ஆலோசனைக் குழுவாகும். ஏபெக் நாடுகளின் தலைவர்கள் 1995 நவம்பரில் ஜப்பானின் ஒசாகா நகரில் கூடியபோது இதை அமைக்க முடிவு செய்தனர். 21 உறுப்புப் பொருளாதாரங்களும் தலா மூன்று பேர் வரை நியமிக்கலாம். நியமிப்பவர் அந்தந்த நாட்டின் தலைவர். பெரு நிறுவனங்களுடன் சிறு, நடுத்தரத் தொழில்களின் பிரதிநிதிகளுக்கும் இதில் இடம் உண்டு. குழு ஆண்டுக்கு நான்கு முறை கூடுகிறது. ஆண்டு இறுதியில் தனது பரிந்துரைகளைத் தலைவர்களிடம் அளித்து, அவர்களுடன் நேரடியாக உரையாடுகிறது. அதன் செயலகம் பிலிப்பைன்ஸில் உள்ளது. ஏபெக்கில் இந்தியா உறுப்பினர் அல்ல.

ஏபெக் வட்டாரத்தில் வணிகர்களின் கோரிக்கைக்குக் கிடைத்த பலன்களில் ஒன்று, வணிகப் பயண அட்டை. தொழில் நிமித்தம் அடிக்கடி பயணம் செய்வோர் ஒவ்வொரு முறையும் தனித்தனியே விசா பெற வேண்டியிருந்த சிரமத்தைக் குறைக்க இத்திட்டம் வகுக்கப்பட்டது. ஆஸ்திரேலியா, தென்கொரியா, பிலிப்பைன்ஸ் ஆகிய மூன்று நாடுகள் 1997-இல் இதைச் சோதனை முறையில் தொடங்கின. பின்னர் பெரும்பாலான உறுப்பினர்கள் இதில் இணைந்தனர். மறுபுறம், ஆசிய-பசிபிக் முழுமைக்குமான தடையற்ற வர்த்தகப் பகுதி என்ற யோசனையை ஆலோசனைக் குழு 2004-இல் முன்வைத்தது. அது இன்னும் நிறைவேறவில்லை. குறுகிய, தெளிவான கோரிக்கை சில ஆண்டுகளில் நடைமுறைக்கு வருவதும், பெரிய கோரிக்கை பல ஆண்டுகளாகப் பேச்சு நிலையிலேயே நீடிப்பதும் இக்குழுவின் அனுபவத்தில் தெரிகிறது.

தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியான், 2001-இல் புரூணையில் நடைபெற்ற உச்சி மாநாட்டில் தனக்கென ஒரு வணிக ஆலோசனைக் குழுவை அமைக்க முடிவெடுத்தது. 2003 ஏப்ரலில் அது செயல்படத் தொடங்கியது. ஒவ்வொரு நாட்டுக்கும் மூன்று உறுப்பினர்கள் என்ற முறையை இதுவும் பின்பற்றுகிறது. பிரிக்ஸ் அமைப்பின் வணிகக் குழு 2013 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உருவானது. அப்போதைய ஐந்து உறுப்பு நாடுகளும் தலா ஐந்து பேரை நியமித்தன. இந்தியா இதன் தொடக்ககால உறுப்பினராகும்.

பேசுவோர் இருந்தும் கேட்போர் இல்லாத நிலை

தெற்காசியாவின் அனுபவம் வேறு வகையானது. சார்க் வர்த்தக, தொழில் சபை 1992-இல் அந்த அமைப்பின் உயர்நிலை வணிக அமைப்பாக அங்கீகரிக்கப்பட்டது. அதன் தலைமையகம் பாகிஸ்தான் தலைநகர் இஸ்லாமாபாத்தில் உள்ளது. தெற்காசியத் தடையற்ற வர்த்தகப் பகுதி ஒப்பந்தம் 2004 ஜனவரியில் கையெழுத்தாகி, 2006 ஜனவரி 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. ஆனால் 2014 நவம்பரில் நேபாளத் தலைநகர் காத்மாண்டுவில் நடைபெற்ற மாநாட்டுக்குப் பின் சார்க் தலைவர்களின் உச்சி மாநாடு நடைபெறவில்லை.

வணிக சபை இருந்தும், அதன் பரிந்துரைகளைப் பெற்று முடிவெடுக்கும் தலைவர்கள் கூடாத நிலை ஏற்பட்டது. அரசுகளுக்கு இடையிலான அரசியல் உறவு தடைபடும்போது ஆலோசனைக் குழு தனித்து நின்று எதையும் சாதிக்க இயலாது என்பதற்கு இது சான்று. தெற்காசியாவையும் தென்கிழக்கு ஆசியாவையும் இணைக்கும் பிம்ஸ்டெக் மீது இந்தியா கூடுதல் கவனம் செலுத்துவதற்கு இந்தத் தேக்கமும் ஒரு காரணமாகும்.

பிம்ஸ்டெக் கடந்து வந்த பாதை

வங்காளதேசம், இந்தியா, இலங்கை, தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகள் 1997 ஜூன் 6-ஆம் தேதி பாங்காக் பிரகடனத்தின் மூலம் இக்கூட்டமைப்பைத் தொடங்கின. அதே ஆண்டு டிசம்பரில் மியான்மர் இணைந்தது. 2004-இல் நேபாளமும் பூட்டானும் சேர்ந்தன. அமைப்பின் செயலகம் 2014-இல் டாக்காவில் திறக்கப்பட்டது.

தொடங்கி கால் நூற்றாண்டு வரை பிம்ஸ்டெக்குக்கு முறையான சாசனம் இல்லை. 2022 மார்ச் 30-ஆம் தேதி, இலங்கை தலைமையேற்று நடத்திய ஐந்தாவது உச்சி மாநாட்டில் சாசனம் கையெழுத்தானது. அனைத்து நாடுகளின் ஒப்புதலுக்குப் பின் 2024 மே 20-ஆம் தேதி அது நடைமுறைக்கு வந்தது. இதன் மூலம் அமைப்புக்குச் சட்டபூர்வ ஆளுமை கிடைத்தது. வணிக அமைப்பு போன்ற துணை அமைப்புகளுக்கு முறையான அடித்தளம் அமைக்க இது உதவும்.

ஒத்துழைப்புத் துறைகள் ஏழாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாடு பொறுப்பேற்றுள்ளது. வர்த்தகம், முதலீடு, வளர்ச்சி ஆகியவை வங்காளதேசத்தின் பொறுப்பு. போக்குவரத்து இணைப்பு தாய்லாந்திடமும், பாதுகாப்பு இந்தியாவிடமும் உள்ளன. வணிகர்களின் பரிந்துரை எந்த மேசைக்குச் செல்ல வேண்டும் என்பது இதனால் ஓரளவு தெளிவாகிறது.

ஆயினும் வர்த்தகத்தில் முன்னேற்றம் மெதுவாகவே உள்ளது. தடையற்ற வர்த்தகப் பகுதிக்கான கட்டமைப்பு ஒப்பந்தம் 2004 பிப்ரவரியில் தாய்லாந்தின் புக்கெட்டில் கையெழுத்தானது. இருபது ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் பேச்சுவார்த்தை நிறைவு பெறவில்லை. முதலாவது பிம்ஸ்டெக் வணிக உச்சி மாநாட்டை 2024 ஆகஸ்டில் புது டெல்லியில் வெளியுறவு அமைச்சகமும் இந்தியத் தொழில் கூட்டமைப்பும் இணைந்து நடத்தின. பாங்காக் உச்சி மாநாட்டையொட்டி, கடல்சார் போக்குவரத்து ஒத்துழைப்பு ஒப்பந்தமும் கையெழுத்தானது. மாநாடு ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் கலைவது. நிரந்தரக் குழுவோ ஆண்டு முழுவதும் ஒரு கோரிக்கையைப் பின்தொடர வல்லது. பாங்காக்கில் முன்மொழியப்பட்ட நிரந்தர அமைப்பின் தேவை இந்த வேறுபாட்டிலிருந்தே எழுகிறது.

கேரளத்தின் அனுபவம்

வர்த்தக ஒப்பந்தங்கள் குறித்த கருத்து, கையெழுத்தான பிறகு வெளிப்படுவதால் என்ன நேரும் என்பதைக் கேரளம் கண்டுள்ளது. இந்தியா-ஆசியான் சரக்கு வர்த்தக ஒப்பந்தம் 2009 ஆகஸ்டில் கையெழுத்தானது. பாமாயில், காபி, தேயிலை, மிளகு ஆகியவை அதில் சிறப்புப் பொருள்களாக வகைப்படுத்தப்பட்டு, அவற்றின் இறக்குமதி வரி படிப்படியாகக் குறைக்கப்பட்டது. மிளகின் வரி 70 விழுக்காட்டிலிருந்து 2019 இறுதிக்குள் 50 விழுக்காடாகக் குறையும் என வகுக்கப்பட்டது.

தோட்டப்பயிர் விவசாயிகளின் வருவாய் பாதிக்கப்படும் என்று கேரளத்தில் எதிர்ப்பு எழுந்தது. 2009 அக்டோபர் 2-ஆம் தேதி இடது ஜனநாயக முன்னணி, காசர்கோடு முதல் திருவனந்தபுரம் வரை மனிதச் சங்கிலிப் போராட்டத்தை நடத்தியது. ஒப்பந்தம் 2010 ஜனவரி 1-ஆம் தேதி திட்டமிட்டபடி நடைமுறைக்கு வந்தது.

மிளகு விவகாரம் அத்துடன் முடியவில்லை. 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000 மார்ச் முதல் செயல்பட்டு வரும் இந்தியா-இலங்கை தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தின் கீழ், ஆண்டுக்கு 2,500 டன் வரை இலங்கை மிளகு வரியின்றி இந்தியாவுக்கு வரலாம். வேறு நாட்டு மிளகும் இந்த வழியில் நுழைகிறது என்ற புகார் விவசாயிகளிடமிருந்து எழுந்தது. 2017 டிசம்பரில் மத்திய அரசு மிளகுக்குக் கிலோவுக்கு 500 ரூபாய் என்ற குறைந்தபட்ச இறக்குமதி விலையை நிர்ணயித்தது.

இந்த ஒரு பொருளிலேயே பல நலன்கள் மோதுகின்றன. உள்நாட்டு விலை உயர வேண்டும் என்பது விவசாயியின் எதிர்பார்ப்பு. மிளகை அரைத்தும் சாறு எடுத்தும் ஏற்றுமதி செய்யும் ஆலைக்கு மலிவான மூலப்பொருள் தேவை. மொத்த வியாபாரிக்கோ, விலை எதுவாயினும் விதி அடிக்கடி மாறாதிருக்க வேண்டும். 'தொழில்துறையின் கருத்து' என்று ஒற்றைக் குரலாக ஓர் அறிக்கை வெளியாகும்போது, இம்மூவரில் யாருடைய கருத்து அது என்று கேட்பது அவசியமாகிறது.

ஏற்றுமதித் தடைகளும் இதே படிப்பினையைத் தருகின்றன. பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்கு 2023 ஜூலையில் மத்திய அரசு தடை விதித்தது. அது 2024 செப்டம்பரில் நீக்கப்பட்டது. வெங்காய ஏற்றுமதித் தடை 2023 டிசம்பர் முதல் 2024 மே வரை நீடித்தது. உள்நாட்டு விலையைக் கட்டுப்படுத்துவது இவற்றின் நோக்கம். அதே வேளையில், இந்திய வெங்காயத்தையும் அரிசியையும் நம்பியிருக்கும் அண்டை நாட்டுச் சந்தைகளில் விலை ஏறியது. மாலத்தீவுக்கு 1981-ஆம் ஆண்டு வர்த்தக ஒப்பந்தத்தின் கீழ் ஒதுக்கீட்டு அளவில் அத்தியாவசியப் பொருள்களை அனுப்ப இந்தியா தனி அனுமதி வழங்கி வருகிறது. இத்தகைய ஏற்பாடு பிராந்தியம் முழுமைக்கும் இருந்தால், திடீர்த் தடையால் வணிகர்களும் நுகர்வோரும் அடையும் பாதிப்பு குறையும். வணிக ஆலோசனைக் குழு ஒன்று முதலில் எடுத்துக்கொள்ளத் தக்க பொருளாக இது அமையும்.

விழிஞ்ஞம் எழுப்பும் கேள்வி

சாலையிலிருந்து தெற்கே சுமார் 16 கிலோமீட்டர் தொலைவில் விழிஞ்ஞம் சர்வதேசத் துறைமுகம் உள்ளது. சர்வதேசக் கப்பல் வழித்தடத்துக்கு ஏறத்தாழ 10 கடல் மைல் தொலைவில் அமைந்துள்ள இதற்கு, 18 முதல் 20 மீட்டர் வரை இயற்கையான ஆழம் உண்டு. முதல் பெரிய சரக்குக் கப்பல் 2024 ஜூலையில் இங்கு வந்தது. 2025 மே 2-ஆம் தேதி பிரதமர் மோடி இத்துறைமுகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

பெரிய தாய்க் கப்பலிலிருந்து சரக்குப் பெட்டகங்களை இறக்கி, சிறு கப்பல்களில் ஏற்றி மற்ற துறைமுகங்களுக்கு அனுப்பும் பணியில் இது முதன்மைக் கவனம் செலுத்துகிறது. இந்தியாவின் இத்தகைய சரக்கு மாற்றுப் பணியில் சுமார் 75 விழுக்காடு இதுவரை வெளிநாட்டுத் துறைமுகங்களில் நடைபெற்று வந்ததாக மத்திய அரசு தெரிவித்துள்ளது. அவற்றில் கொழும்பு முக்கியமானது. ஆகவே பிம்ஸ்டெக்கில் ஒத்துழைக்கும் இந்தியாவும் இலங்கையும் இத்துறையில் போட்டியாளர்களாகவும் இருக்கின்றன. போட்டி நிலவும் துறையில் இரு தரப்பும் ஏற்கும் விதிகளைப் பேசித் தீர்மானிக்க, அரசு அதிகாரிகளுடன் கப்பல், சரக்கு, சேமிப்புக் கிடங்குத் துறையினரும் அமரும் மேடை தேவைப்படுகிறது.

கப்பலிலிருந்து கப்பலுக்கு மாறும் பெட்டகம் கரையைத் தாண்டுவதில்லை. அதனால் உள்ளூர் வணிகர் நேரடியாகப் பயன்பெற, பெட்டகங்கள் துறைமுகத்திலிருந்து சாலை வழியாகவும் ரயில் வழியாகவும் வெளியேற வேண்டும். துறைமுகத்தைப் பாலராமபுரத்துடன் இணைக்க, பெரும்பகுதி சுரங்கத்தில் செல்லும் 10.7 கிலோமீட்டர் ரயில் பாதை திட்டமிடப்பட்டுள்ளது. ஒரு முழுப் பெட்டகத்தை நிரப்பும் அளவுக்குச் சரக்கு இல்லாத சிறு வணிகருக்கு, பலரது சரக்குகளை ஒரே பெட்டகத்தில் சேர்த்து அனுப்பும் வசதியும் அவசியம். இத்தகைய தேவைகள் பெரிய கப்பல் நிறுவனங்களின் பட்டியலில் தாமாக இடம்பெறுவதில்லை. அவற்றை எடுத்துச் சொல்ல ஓர் ஆள் குழுவில் இருக்க வேண்டும்.

திருவனந்தபுரத்தின் பழைய ஆலோசனை மன்றம்

அதிகாரம் இல்லாத ஆலோசனை மன்றம் இந்நகருக்குப் புதிதல்ல. 1904-இல் மன்னர் ஸ்ரீமூலம் திருநாள் ஆட்சியில், வி.பி. மாதவ ராவ் திவானாக இருந்தபோது, ஸ்ரீமூலம் பிரஜா சபை தொடங்கப்பட்டது. நிலவுடைமையாளர்களும் வணிகர்களும் இதன் உறுப்பினர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்கள் ஆண்டுதோறும் கூடி, மக்களின் தேவைகளையும் குறைகளையும் திவானிடம் எடுத்துரைத்தனர். சட்டம் இயற்றும் உரிமை சபைக்கு இல்லை. முதல் கூட்டம் விக்டோரியா ஜூபிலி நகர மண்டபத்தில் நடைபெற்றது.

நிலமும் வருவாயும் உள்ளவர்களே உறுப்பினராக முடிந்ததால், உழைக்கும் மக்களின் குறைகள் தொடக்கத்தில் சபையில் நேரடியாக ஒலிக்கவில்லை. 1910-களின் தொடக்கத்தில், விழிஞ்ஞத்தை அடுத்த வெங்ஙானூரைச் சேர்ந்த அய்யன்காளி சபைக்கு நியமிக்கப்பட்ட பின் நிலை மாறியது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் வேண்டும், அவர்களது குழந்தைகளுக்குப் பள்ளியில் இடம் வேண்டும் என்ற கோரிக்கைகளை அவர் திவானின் முன் வைத்தார். அதுவரை சபையின் பேச்சுப் பொருளாக இல்லாதவை அதன் பதிவேட்டில் ஏறின. சபை முதலில் கூடிய அதே மண்டபத்துக்குக் கேரள அரசு 2019-இல் அய்யன்காளியின் பெயரைச் சூட்டியது.

ஆலோசனை மன்றத்தின் விவாதப் பட்டியலை அதன் விதிகளைவிட அதில் அமர்வோரே அதிகம் தீர்மானிக்கிறார்கள் என்பதை இந்த வரலாறு காட்டுகிறது. நாடுகளுக்கிடையே அமையும் குழுவுக்கும் இது பொருந்தும்.

அரசமைப்பில் உள்ள இடைவெளி

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணைப்படி, வெளிநாடுகளுடனான வர்த்தகம் மத்தியப் பட்டியலின் 41-ஆவது இனமாகும். சந்தைகளும் கண்காட்சிகளும் மாநிலப் பட்டியலின் 28-ஆவது இனத்தில் வருகின்றன. சாலைக் கடைவீதி மாநில அரசின் வரம்பிலும், அங்கு விற்கப்படும் பொருளின் இறக்குமதி வரி மத்திய அரசின் வரம்பிலும் உள்ளன. இவ்விரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பேசும் வாய்ப்பு குறைவு.

இந்த இடைவெளியை நிரப்ப உள்நாட்டில் சில ஏற்பாடுகள் உள்ளன. மத்திய வர்த்தக அமைச்சகத்தின் வர்த்தக வாரியம் 2019-இல் மாற்றியமைக்கப்பட்டபோது, மாநில அமைச்சர்களும் தொழில் அமைப்புகளும் ஏற்றுமதி மேம்பாட்டு அமைப்புகளும் அதில் இடம்பெற்றன. வணிகர்களின் நலனுக்காகத் தேசிய வணிகர் நல வாரியமும் அதே ஆண்டில் ஏற்படுத்தப்பட்டது. மொத்த, சில்லறை வணிகர்கள் 2021 ஜூலையில் குறு, சிறு, நடுத்தரத் தொழில் பிரிவில் சேர்க்கப்பட்டனர். இந்தச் சேர்க்கை வங்கிகளின் முன்னுரிமைக் கடனுக்கு மட்டுமே பொருந்தும்.

சிறு தொழில்களுக்கு ஓர் இடம் என்று பிராந்தியக் குழுவின் விதி கூறினாலும், அந்த இடம் சிறு வணிகருக்குத் தானாகக் கிடைத்துவிடாது. 2025 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள வரையறைப்படி, ஆண்டு விற்றுமுதல் 500 கோடி ரூபாய் வரையுள்ள நிறுவனமும் நடுத்தர நிறுவனமாகக் கருதப்படலாம். அத்தகைய நிறுவனத்தின் தேவையும், சாலையில் பலசரக்குக் கடை நடத்துபவரின் தேவையும் ஒன்றல்ல.

குழுவை அமைக்கும் முறை

முன்னோடி அமைப்புகளின் அனுபவத்திலிருந்து, பயனுள்ள ஆலோசனைக் குழுவுக்குத் தேவையான சில கூறுகளை அடையாளம் காணலாம்.

முதலாவது, அதிகார வரையறை. எந்தப் பொருள்களில் கருத்துக் கூறலாம், கருத்து யாரிடம் செல்லும் என்பதைத் தலைவர்களின் முடிவே வகுக்க வேண்டும். ஏபெக் குழுவின் வலிமைக்குக் காரணம், அது அமைச்சக அதிகாரிகளோடு நின்றுவிடாமல் தலைவர்களிடமே பேசுவதாகும். பிம்ஸ்டெக் அனைவரது ஒப்புதலுடன் முடிவெடுக்கும் அமைப்பு என்பதால், ஏழு நாடுகளும் இந்த வரையறையை ஏற்பது அவசியம்.

இரண்டாவது, உறுப்பினர் தேர்வு. ஏழு நாடுகளுக்குத் தலா மூன்று பேர் எனில் குழுவில் 21 பேர் இருப்பர். இந்தியாவின் மூன்று இடங்களும் மும்பை, டெல்லியைச் சேர்ந்த பெரு நிறுவனங்களுக்கே சென்றால், கிழக்கு, தெற்குக் கடலோர வணிகத்தின் அனுபவம் விடுபடும். மூவரில் ஒருவர் சிறு வணிகத்தைச் சார்ந்தவராக இருப்பதும், அந்த இடம் கடலோர, எல்லையோர மாநிலங்களுக்குச் சுழற்சி முறையில் செல்வதும் இதற்குத் தீர்வாகலாம்.

மூன்றாவது, தேசியக் கிளை. 21 பேர் கொண்ட குழுவில் எல்லாத் தொழிலுக்கும் இடம் தர இயலாது. ஒவ்வொரு நாட்டிலும் ஒரு கிளை அமைந்து, உள்ளூர் அமைப்புகளிடம் கருத்துக் கேட்டு மேலே அனுப்ப வேண்டும். கேரளத்தில் 1857 முதல் இயங்கும் கொச்சி வர்த்தக, தொழில் சபை போன்ற பழைய அமைப்புகளும், மாநிலம் முழுவதும் கிளைகளைக் கொண்ட கேரள வியாபாரி வியவசாயி ஏகோபன சமிதி போன்ற கடைக்காரர்களின் சங்கங்களும் இதற்கு உதவ முடியும். கருத்துக் கேட்பு மலையாளத்திலும் தமிழிலும் நடைபெற்றால்தான் சாலை போன்ற கடைவீதிகளை அது சென்றடையும்.

நான்காவது, நிதியும் செயலகமும். குழுவின் செலவை உறுப்பினர்களின் நிறுவனங்களே ஏற்பது வழக்கமானால், செலவிட வல்லவர்களே உறுப்பினராவர். சிறு வணிகப் பிரதிநிதியின் பயணச் செலவைத் தேசியக் கிளையோ அரசோ ஏற்க வேண்டியிருக்கும். ஆய்வுக்கும் பதிவுகளைப் பேணுவதற்கும் சிறிய அலுவலகம் ஒன்றும் தேவை.

ஐந்தாவது, பதில் அளிக்கும் கடமை. பரிந்துரை ஏற்கப்பட்டதா, மறுக்கப்பட்டதா, காரணம் என்ன என்பதைக் குறிப்பிட்ட காலத்துக்குள் அரசுகள் எழுத்து வடிவில் தெரிவிக்கும் முறை இருந்தால், குழுவின் பணியை வெளியிலிருப்போரும் மதிப்பிட முடியும். உறுப்பினர்கள் தங்கள் தொழில் நலனை முன்கூட்டியே வெளிப்படையாக அறிவிப்பதும் இதனுடன் சேர வேண்டும். இல்லையெனில் ஆலோசனைக்கும் சொந்த ஆதாயத்துக்கும் இடையிலான கோடு மங்கிவிடும்.

முதலில் எடுத்துக்கொள்ளத் தக்கவை

வணிகப் பயண அட்டையின் அனுபவம் காட்டுவது போல, எளிதில் அளவிடக்கூடிய சிறு கோரிக்கைகளே குழுவின் நம்பகத்தன்மையை வளர்க்கும். ஏற்றுமதித் தடை விதிக்கும் முன் அண்டை நாட்டு வணிகர்களுக்கு அறிவிப்பு, ஏற்கெனவே ஒப்பந்தமான சரக்குக்கு விலக்கு, உணவுப் பொருள்களின் தரச் சான்றுகளைப் பரஸ்பரம் ஏற்றல், சிறு சரக்குகளுக்கு எளிய சுங்க நடைமுறை ஆகியவை அத்தகையவை.

பணப் பரிமாற்றமும் இந்த வரிசையில் வருகிறது. சர்வதேச வர்த்தகத்தை ரூபாயில் தீர்க்கும் முறையை இந்திய ரிசர்வ் வங்கி 2022 ஜூலையில் அறிமுகம் செய்தது. யுபிஐ முறையில் பணம் செலுத்தும் வசதி இலங்கையில் 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. யுபிஐ முறையை பிம்ஸ்டெக் நாடுகளின் பணப் பரிமாற்ற முறைகளுடன் இணைக்கும் யோசனையையும் பாங்காக்கில் இந்தியா முன்வைத்தது. டாலர் மாற்றுக் கட்டணம் பெரு நிறுவனத்தைவிடச் சிறு வணிகருக்கே அதிகச் சுமை என்பதால், இதில் அவர்களது அனுபவம் நேரடியாகப் பயன்படும்.

பாங்காக் உச்சி மாநாட்டின் முடிவில் பிம்ஸ்டெக்கின் தலைமைப் பொறுப்பு வங்காளதேசத்திடம் ஒப்படைக்கப்பட்டது. வர்த்தகத் துறையின் பொறுப்பும் அதே நாட்டிடம் உள்ளது. வணிக அமைப்பின் பெயர், உறுப்பினர் எண்ணிக்கை, தலைமையகம் ஆகியவை இனி நடைபெறும் பேச்சுகளில் முடிவாக வேண்டியவை. சாலைக் கடைவீதியைப் பொறுத்தவரை, அடுத்த முறை மிளகுக்கோ வெங்காயத்துக்கோ விதி மாறும்போது, அது அறிவிக்கப்படும் முன்பே கருத்துக் கேட்கப்படுமா என்பதே இந்த முயற்சியின் வெற்றியை அளக்கும் அளவுகோலாக இருக்கும்.